1873 வின்செஸ்டர் ரைபிளோட உருவத்த எவ்ளோ தூரம் மாத்தலாம்?

கரிக்கோடு:

எல்லாருக்கும் வணக்கம். நான் துப்பாக்கி பத்தி படிச்சவன் இல்ல, 3டி மாடலிங் பண்றவன். கோயமுத்தூர்ல நானும் ரெண்டு ஃப்ரெண்ட்ஸும் சேந்து ஒரு கேம் பண்ணிட்டு இருக்கோம். கதை 1890-கள்ல அமெரிக்காவுல மொன்டானா பக்கம் ரயில் பாதை போடுற இடத்துல நடக்குது, ஆனா நடந்த வரலாறு அப்படியே இல்ல, கொஞ்சம் கற்பனை கலந்தது. ஹீரோயினோட அப்பா ஒரு கொல்லர். அவரு பழைய 1873 வின்செஸ்டர் லீவர் ரைபிள் (டிரிகர் பக்கத்துல இருக்கிற வளைய லீவர இறக்கி ஏத்தி லோடு பண்றது) ஒண்ண எடுத்து பொண்ணுக்காக மாத்தி அமைச்சு குடுக்கறாரு. கேம் முழுக்க அவ கையில அந்த துப்பாக்கி தான் இருக்கும், அதனால அது ஒரு கேரக்டர் மாதிரி எங்களுக்கு.

நான் வரைஞ்சது என்னன்னா, பின்னாடி இருக்கிற மரக்கட்டைய, அதாவது ஸ்டாக்க, பேரலுக்கு நேர்கோட்டுல கொண்டு வந்துட்டேன், குதிரை மேல போகும்போது அது பக்கவாட்டுல மடங்கும். கீழ ஒரு பெட்டி மேகசின், அதுல நீளமான கூர்மையான தோட்டா. மேல ஒரு டெலஸ்கோப். ஸ்கெட்ச்ல பாக்க ரொம்ப நல்லா இருந்துச்சு, ஃப்ரெண்ட்ஸுக்கும் பிடிச்சிருந்துச்சு.

பிரச்சனை அனிமேஷன்ல வந்துச்சு. உள்பாகம் எல்லாம் கட்அவே படம் பார்த்து ஒழுங்கா மாடல் பண்ணியிருந்தேன். லீவர கீழ இறக்கி பார்த்தா போல்ட்டோட (தோட்டாவ உள்ள தள்ளி பின்னாடி அடைச்சு நிக்கிற பாகம்) பின்பக்க கம்பி ரிசீவர (இதெல்லாம் உள்ள இருக்கிற உலோகக் கூடு) விட்டு வெளிய வந்து நான் போட்ட நேர் ஸ்டாக்குக்குள்ள புகுந்துடுது. என் ரிக்ல, அதாவது மாடல அசைய வெக்கிற அமைப்புல தான் ஏதோ தப்புன்னு ரெண்டு நாள் அதையே நோண்டினேன், அளவெல்லாம் சரியா தான் இருக்கு. அப்புறம் பெட்டி மேகசின் வர்ற இடத்துல வேற ஏதோ ஒரு பித்தளைக் கட்டை மேல கீழ போயிட்டு வருது, அதுக்கும் இடம் இல்ல.

"கேம் தானே, யாரு உள்ள பாக்கப் போறா, அந்த கம்பிய மறைச்சு விட்ரு"ன்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. எனக்கு மனசு ஒப்பல. ஒரு கொல்லர் யோசிச்சு செஞ்ச பொருள்னு காட்டிட்டு அது வேலையே செய்யாத பொருளா இருந்தா அந்த அப்பா கேரக்டரே பொய்யாயிடும். அதனால தெரிஞ்சவங்க சொல்லுங்க, இந்த துப்பாக்கியில எதெல்லாம் கை வெக்கக் கூடாத இடம், எதெல்லாம் நான் இஷ்டத்துக்கு மாத்தலாம்?


பித்தளைப்பெட்டி:

தம்பி உங்க ரிக் சரியா தான் இருக்கு. அந்த கம்பி வெளிய வரணும், வந்தா தான் துப்பாக்கியே ஓடும். 73-ல லீவர இறக்கும்போது போல்ட்டோட வால் ரிசீவரோட முதுகுல இருக்கிற ஓட்டை வழியா பின்னாடி வந்து, ஹேமர (அடிச்சு தோட்டாவ வெடிக்க வெக்கிற சுத்தி) தள்ளி சாய்ச்சு படுக்க வெக்குது, அடுத்த ஷாட்டுக்கு ஹேமர் தயாராகறதே அப்படித்தான். அப்போ ரிசீவருக்கு பின்னாடி, கட்டைவிரலுக்கு மேல, அவ்ளோ தூரம் காத்து மட்டும் தான் இருக்க முடியும். பழைய லீவர் ரைபிள்ல எல்லாம் ஸ்டாக் கீழ இறங்கி வளைஞ்சு போறது அழகுக்குன்னு நிறைய பேரு நினைக்கறாங்க, பாதி காரணம் இந்த கம்பியும் ஹேமரும் வந்து போற இடம் தான். மடக்கணும்னா மடக்கலாம், ஆனா கீல் எங்க வரும்னு பாருங்க. ரிசீவர்ல இருந்து மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு இரும்பு நாக்கு பின்னாடி நீண்டிருக்கும், அதுக்கு நடுவுல தான் ஹேமரோட பட்டை ஸ்பிரிங் உக்காந்திருக்கு. அந்த நாக்கு முடிஞ்ச அப்புறம் தான் கீல் போட முடியும். அதனால கைப்பிடி பகுதி அப்படியே நிக்கும், அதுக்கு பின்னாடி இருக்கிற கட்டை மட்டும் மடங்கும். நேர்கோடு ஸ்டாக் மட்டும் வேண்டாம், அது நடக்காது.

இப்போ அந்த பித்தளைக் கட்டை. இதுக்கு ஒரு தோட்டா போற வழிய நீங்க பின்தொடர்ந்து பாக்கணும், அப்போ தான் இந்த துப்பாக்கி புரியும். பேரலுக்கு அடியில நீளமா ஒரு குழாய், அதுல தோட்டாக்கள் ஒண்ணு பின்னாடி ஒண்ணா படுத்திருக்கும், ஸ்பிரிங் பின்னாடி தள்ளிட்டே இருக்கும். கடைசி தோட்டா அந்த பித்தளைக் கட்டைக்குள்ள நுழையும். லீவர இறக்கினா கட்டை லிஃப்ட் மாதிரி நேர மேல ஏறி தோட்டாவ சேம்பருக்கு, அதாவது பேரலோட பின்முனையில தோட்டா உக்காரற இடத்துக்கு நேரா நிறுத்தும், லீவர மூடினா போல்ட் முன்னாடி வந்து அதை உள்ள தள்ளும். இப்போ கவனிங்க, அந்த லிஃப்டுக்குள்ள சரியா ஒரு தோட்டாவுக்கு தான் இடம். இந்த ரைபிளோட 44-40 தோட்டா மொத்த நீளம் ஏறக்குறைய 40 மிமீ, லிஃப்டும் அந்த நீளத்துக்கு வெட்டினது. தோட்டா நீளமா இருந்தா பாதி குழாய்க்குள்ள மாட்டிக்கும், லிஃப்ட் ஏறவே ஏறாது. குட்டையா இருந்தா அடுத்து வர்ற தோட்டாவோட பின்பக்கம் உள்ள எட்டிப் பார்க்கும், அப்பவும் ஏறாது. ஆக தோட்டாவோட நீளத்த முடிவு பண்றது உங்க ஓவியமும் இல்ல கொல்லரும் இல்ல, அந்த பித்தளைக் கட்டை தான்.

வின்செஸ்டர் கம்பெனியே இந்த சுவத்துல தான் போய் முட்டுச்சு. எருமை, கரடி வேட்டைக்கு பெரிய தோட்டா வேணும்னு எல்லாரும் கேட்டப்போ 1876-ல இதே மெக்கானிசத்த அப்படியே பெருசாக்கி ஒரு மாடல் விட்டாங்க. ராணுவத்துல அப்போ ஓடிட்டு இருந்தது 45-70, நீளம் சுமார் 65 மிமீ. அவ்ளோ பெருசாக்கியும் அது உள்ள போகல. அதனால 45-75னு கழுத்து ஒடுங்கின குட்டைத் தோட்டா ஒண்ண தனியா உருவாக்கினாங்க. துப்பாக்கிக்கு ஏத்த மாதிரி தோட்டாவ மாத்துற நிலைமை, எனக்கு இந்த வரலாற்றுலயே ரொம்ப பிடிச்ச இடம் இது.

ஏன் இன்னும் பெருசாக்கி இருக்க கூடாதுன்னு கேப்பீங்க. பூட்டு முறை அப்படி. இதுல போல்ட்ட பின்னாடி தாங்கி நிக்கறது ரெண்டு மடக்கு கை, டாகிள்னு சொல்வாங்க. நம்ம காலு மாதிரி நினைச்சுக்கங்க. காலை நேரா நீட்டி நிக்கறவன் தோள்ல மூட்டை ஏத்தினாலும் தாங்குவான், முட்டிக்கு பின்னாடி லேசா ஒரு தட்டு தட்டினா மடங்கிடுவான். சுடும்போது அந்த முட்டி நேரா இருக்கு, லீவர் தான் அந்த தட்டு. போல்ட் பின்னாடி எவ்ளோ தூரம் போகணுமோ அதுக்கு ஏத்த நீளத்துல கை வேணும், கை மடங்க உள்ள இடம் வேணும், தோட்டா நீளமாக நீளமாக எல்லாமே சேந்து வளரும், கடைசில தூக்க முடியாத கனத்துல வந்து நிக்கும்.

யூட்டா மாநிலத்துல ஆக்டன்ங்கிற ஊர்ல இருந்த துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரவுனிங் வந்து தான் இதை உடைச்சாரு. அவரு முட்டிய பெருசாக்கல, முட்டியே வேண்டாம்னுட்டாரு. போல்ட்டுக்கு ரெண்டு பக்கமும் செங்குத்தா ரெண்டு இரும்புக் கட்டை, லீவர மூடினா மேல ஏறி போல்ட்டையும் ரிசீவரையும் சேத்து பூட்டும், நம்ம வீட்டு கதவுல தாழ்ப்பாள் போடுற மாதிரி. 1886 மாடல் அது, 45-70 சிரமமே இல்லாம ஓடுச்சு. வெளிய இருந்து பார்த்தா 76-க்கும் 86-க்கும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், உள்ள ஒரு பாகம் கூட ஒத்துப் போகாது.

கூர்மையான தோட்டா குழாய் மேகசின்ல ஆகவே ஆகாது. ஒரு தோட்டாவோட மூக்கு முன்னாடி இருக்கிற தோட்டாவோட பின்பக்கத்துல, ப்ரைமர் (அடிச்சா பத்திக்கிற சின்ன மூடி) இருக்கிற அதே இடத்துல இடிச்சுட்டு இருக்கும். ஒவ்வொரு தடவை சுடும்போதும் வர்ற உதறல்ல கூர் மூக்கு போய் ப்ரைமர குத்தினா குழாய்க்குள்ளயே வெடிக்கும். அதனால தான் குழாய் வெச்ச லீவர் ரைபிள் தோட்டா பெரும்பாலும் தட்டை மூக்கு. கூர்மையா வேணும்னா பெட்டி மேகசின் வேணும், பெட்டி மேகசின் வேணும்னா அந்த லிஃப்ட் இருக்க கூடாது, லிஃப்ட் இல்லன்னா அது 1873 இல்ல. பிரவுனிங் 1895-ல அதையும் செஞ்சாரு, லீவருக்கு முன்னாடி பெட்டி வெச்ச மாடல். முதல் உலகப் போர்ல ரஷ்யா அதை ஏறக்குறைய 3 லட்சம் வாங்கிச்சு, அவங்க 7.62 தோட்டாவுக்கு.

டெலஸ்கோப்பும் இதே கதை. சுட்ட தோட்டாவோட காலிக் கூடு நேர மேல பறந்து போகும், லிஃப்ட் கீழ இருந்து ஏறி வந்து அத தட்டி விடும். மேல டெலஸ்கோப் இருந்தா கூடு அதுல இடிச்சு திரும்ப உள்ள விழும்.

நீங்க இஷ்டத்துக்கு மாத்தக்கூடியது நிறைய இருக்கு, கவலைப்படாதீங்க. பேரல் நீளம் மாத்தலாம், கம்பெனியே 20 அங்குல கார்பைன், 24 அங்குல ரைபிள், 30 அங்குல மஸ்கட்னு வித்தாங்க. குழாய குட்டையாக்கலாம், லீவர் வளையத்த பெருசாக்கலாம், மரம், செதுக்கல், பார்வைக் குறி எல்லாம் உங்க கையில.


சுருள்வில்:

பித்தளைப்பெட்டி அண்ணா சொன்னதுல ஒரே ஒரு விஷயம் சேக்கணும், இல்லன்னா டாகிள்னா பலம் இல்லாததுன்னு தம்பி எடுத்துப்பாரு. இன்னிக்கும் இத்தாலில உபெர்ட்டி கம்பெனி 1873-அ நகல் எடுத்து செய்யுது, 357 மேக்னம் தோட்டாவுக்கே வருது, அது அந்த காலத்து 44-40 விட ரொம்ப அழுத்தமான தோட்டா. இரும்பு மாறிடுச்சு, அதனால தாங்குது. ஆனா அவங்க போடுற தோட்டா எல்லாத்தையும் வரிசையா வெச்சு பாருங்க, எல்லாம் கைத்துப்பாக்கி தோட்டா, எல்லாம் குட்டை. நல்ல இரும்பு அழுத்தத்த தான் தாங்கும், நீளத்துக்கு அது ஒண்ணும் பண்ண முடியாது. நூத்தம்பது வருஷம் ஆகியும் அந்த லிஃப்டோட அளவ யாரும் தாண்டல.

டெலஸ்கோப் விஷயத்துல உங்களுக்கு உண்மையான ஒரு வழி இருக்கு. மார்லின் கம்பெனி 1889-லயே மேல்பக்கத்த மூடிட்டு காலிக் கூட்ட பக்கவாட்டுல தள்ற மாதிரி லீவர் ரைபிள் விட்டாங்க. வின்செஸ்டரோட 1894 மாடல் மேல தள்ளிட்டே இருந்துச்சு, டெலஸ்கோப் மாட்ட வசதியா கூட்ட சாய்வா தள்ற மாதிரி மாத்தினதே 1980-கள்ல தான், சுமார் தொண்ணூறு வருஷம் கழிச்சு. 73-அ விடவே மாட்டேன்னா டெலஸ்கோப்ப இடது பக்கமா தள்ளி மாட்டுங்க. ரெண்டாம் உலகப் போர்ல அமெரிக்காக்காரங்க எம்1 கேரண்ட் ரைபிளுக்கு அதைத்தான் செஞ்சாங்க. அதுல எட்டு தோட்டா கிளிப்போட மேல இருந்து உள்ள போகணும், காலியானதும் கிளிப் மேல தெறிக்கணும், அப்போ நடுவுல டெலஸ்கோப்புக்கு இடமே கிடையாது. இடது பக்கம் தள்ளி மாட்டினாங்க, சுடுறவன் தலையும் இடது பக்கம் சாயணும்ல, அதனால ஸ்டாக்ல தோல்ல ஒரு கன்னப்பட்டை வெச்சு கட்டினாங்க. உங்க கொல்லர் அப்பா பொண்ணு கன்னத்துக்கு அளவெடுத்து ஒரு தோல் பட்டை தெச்சு குடுக்கறாருன்னு வெச்சு பாருங்க, எனக்கு உங்க ஸ்கெட்ச்ல இருந்தத விட இது தான் பிடிச்சிருக்கு.

இன்னொண்ணு, மரம் பத்தி சொன்னதால ஞாபகம் வந்துச்சு. 73-க்கு தாத்தா 1860 ஹென்றி ரைபிள். அதுல பேரலுக்கு அடியில பிடிக்க மரமே இருக்காது, சூட்டுல கை சுடும். ஏன்னா தோட்டாவ முன்னாடி இருந்து போடணும், தோட்டாவ தள்ற ஸ்பிரிங்கோட குமிழ் குழாய்ல இருக்கிற வெட்டு வழியா வெளிய நீட்டிட்டு இருக்கும், தோட்டா குறைய குறைய அது பின்னாடி நகந்து வரும், மரம் வெச்சா நின்னுடும். கை வெச்சாலும் நின்னுடும். 1866-ல நெல்சன் கிங்ங்கிறவரு ரிசீவர் பக்கவாட்டுல ஒரு சின்ன கதவு வெச்சு அங்க இருந்து தோட்டா போடுற மாதிரி செஞ்சாரு, அப்புறம் வெட்டு வேண்டாம், குமிழ் வேண்டாம், மரம் வந்துச்சு. ஒரு சின்ன கதவால மொத்த துப்பாக்கியோட முகமே மாறிடுச்சு.


பழைய பட்டாளம்:

தம்பி, வின்செஸ்டர் நான் கையில எடுத்தது இல்ல. ஆனா ஸ்டாக் மடக்குறது பத்தி பேச்சு வந்ததால சொல்றேன், 22 வருஷ சர்வீஸ்ல பாதிக்கு மேல எஸ்எல்ஆர், அதாவது தானா லோடு ஆகிற ராணுவ ரைபிள் தான் என் தோள்ல இருந்துச்சு. இஷாப்பூர் ஃபேக்டரி செஞ்ச 7.62, 1ஏ1. அதை சுத்தம் பண்ணும்போது பின்னாடி இருக்கிற லீவர தள்ளினா நடுவுல மடங்கி திறக்கும், பக்கத்து ஊர்ல பறவை சுடுற இரட்டைக் குழல் மடங்குற மாதிரி. திறந்ததும் உள்ள ஒரு மெல்லிசான கம்பி தெரியும், எலிவால் மாதிரி. அதை ரெண்டு விரல்ல பிடிச்சு இழுத்தா ஸ்லைடும் பிரீச் பிளாக்கும் (போல்ட்டும் அத சுமக்கிற பாகமும்) கூடவே வரும். எண்ணெய் கையோட ஆயிரம் தடவை அந்த வாலை இழுத்திருப்பேன், கண்ண மூடிட்டு சொல்லுவேன் அது எப்படி இருக்கும்னு. அந்த வால் எங்க போய் உக்காருதுன்னா பின் கட்டைக்குள்ள. ரிட்டர்ன் ஸ்பிரிங் முழுக்க கட்டைக்குள்ள தான். ஒவ்வொரு குண்டுக்கும் வால் கட்டைக்குள்ள போயி ஸ்பிரிங்க அமுக்கிட்டு திரும்பி வரணும். அப்போ கட்டைய மடக்கினா ஸ்பிரிங்கையே மடக்கினதா ஆகும், துப்பாக்கி நின்னுடும்.

எங்களுக்கு டிரக்குல ஏறும்போது, இறங்கும்போது அந்த நீளம் பெரிய தொல்லை. ஒரு கீல் வெச்சா என்னன்னு நான் ஒரு இன்ஸ்ட்ரக்டர்கிட்டயே கேட்டிருக்கேன். அவரு வாலை கையில எடுத்து காட்டி "இதை எங்க வெக்கட்டும் நீயே சொல்லு"ன்னு கேட்டாரு. பதில் இல்ல என்கிட்ட. இதோட மூல டிசைன் பெல்ஜியத்துல எஃப்என் கம்பெனியோட எஃப்ஏஎல். அவங்க பாராசூட்காரங்களுக்குன்னு மடக்குற மாடல் செஞ்சப்போ வாலையே எடுத்துட்டு, ஸ்பிரிங்க மேல் மூடிக்குள்ள கொண்டு போய் வெச்சு, ஸ்லைட புதுசா செஞ்சு, மூடிய புதுசா செஞ்சு, அப்புறம் தான் கீல் போட்டாங்க. ஏகே-47-ல ஸ்பிரிங் மொதல்ல இருந்தே ரிசீவருக்குள்ள இருக்கு, அதனால மடக்கு கட்டை அதுக்கு சுலபமா வந்துடுச்சு. வெளிய பாக்கிறவனுக்கு ஒரு கீல் தான் வித்தியாசம்.

நீளம் பத்தி பித்தளைப்பெட்டி சொன்னது பழைய 303 ரைபிளுக்கும், அதாவது லீ என்ஃபீல்டுக்கும் பொருந்தும். 1962 சீனப் போருக்கு அப்புறம் இஷாப்பூர்ல பழைய லீ என்ஃபீல்டு டிசைன எடுத்து 7.62 நேட்டோ தோட்டாவுக்கு மாத்தினாங்க, 2ஏ, 2ஏ1னு. நிறைய போலீஸ் ஸ்டேஷன்ல ரொம்ப நாளா இருந்தது அது தான், மேகசின் சதுரமா இருந்தா அது 7.62. ஏன் அது முடிஞ்சுதுன்னா 303 தோட்டா சுமார் 78 மிமீ, நேட்டோ தோட்டா 71 மிமீ, குட்டை. போல்ட் பின்னாடி போற தூரம் போதும். அமெரிக்காவோட 30-06 ஆ இருந்திருந்தா 85 மிமீ, அந்த ஆக்ஷனுக்கு அது நீளம். ஆனா புது தோட்டாவுக்கு அழுத்தம் ஜாஸ்தி, லீ என்ஃபீல்டுல பூட்டு போல்ட்டோட பின்பக்கம் இருக்கு, சேம்பர்ல இருந்து பூட்டு வரைக்கும் உள்ள இரும்பு அவ்வளவும் அந்த அடிய வாங்கணும். அதனால நல்ல ரக இரும்புல செஞ்சாங்க. பூட்டு பின்னாடி இருக்கிறதால தான் அந்த போல்ட் அவ்ளோ வேகமா ஓடும், கைக்கு அவ்ளோ சுகம். அதுக்கு குடுக்கிற விலை தான் இந்த இரும்பு.


கரிக்கோடு:

இவ்ளோ விவரமா எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பட்டாளம் ஐயா, அந்த எலிவால் படிச்சதும் எனக்கு என் மாடல்ல ஸ்டாக்குக்குள்ள புகுந்த கம்பி தான் ஞாபகம் வந்துச்சு.

நேர் ஸ்டாக்க எடுத்துட்டேன். பெட்டி மேகசினும் போச்சு, குழாயே இருக்கட்டும். சுருள்வில் சொன்ன தோல் கன்னப்பட்டைய ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொன்னதுமே சரின்னுட்டாங்க, அப்பா கேரக்டருக்கு ஒரு தனி சீனே எழுதறாங்க இப்போ.

ஆனா இன்னொரு சந்தேகம் இருக்கு. கதையோட பின்பாதியில ஹீரோயினுக்கு வலது கையில அடிபட்டுடும், லீவர் இறக்க முடியாது. அப்போ அப்பா இதே துப்பாக்கிய தானா லோடு ஆகிற மாதிரி மாத்தறாருன்னு எழுதி வெச்சிருந்தோம். இது 1890 வாக்குல நம்புற மாதிரி இருக்குமா, இல்ல இதையும் தூக்கிடவா?


பித்தளைப்பெட்டி:

தூக்கிடாதீங்க! உங்க கதையில நிஜத்துக்கு ரொம்ப பக்கத்துல இருக்கிறதே இது தான். நிஜமாவே வின்செஸ்டர் லீவர் ரைபிள வெச்சு தான் ரெண்டு பேரு இதை செஞ்சு பார்த்தாங்க, ரெண்டு பேரும் ரெண்டு விதமா.

மொதல் ஆளு ஹைரம் மேக்சிம், மெஷின் கன்ன கண்டுபிடிச்சவரு. 1883-ல அவரு எடுத்த காப்புரிமையில, வின்செஸ்டர் ரைபிளோட பின் கட்டை முனையில ஸ்பிரிங் வெச்ச ஒரு தகடு. தகடு தோள்ல பதிஞ்சு நிக்கும், சுட்டதும் துப்பாக்கி உதைச்சு பின்னாடி வரும், தோள் நகராது, தகடுக்கும் துப்பாக்கிக்கும் நடுவுல உண்டாகிற அந்த அசைவ கம்பிகள் வழியா லீவருக்கு கொண்டு போனாரு. உதையே லீவர இறக்கும், ஸ்பிரிங் அதை மூடும். அப்புறம் அவரு மெஷின் கன் செஞ்சு தேத்தினப்போ அதுல பூட்டுக்கு என்ன போட்டாரு தெரியுமா? அதே மடக்கு முட்டி. வின்செஸ்டர்ல லீவர் தட்டி விட்ட முட்டிய அங்க உதை தட்டி விட்டுச்சு.

ரெண்டாவது நம்ம பிரவுனிங், 1889. சுடும்போது குழல் வாயில இருந்து வர்ற காத்துல முன்னாடி இருக்கிற கோரைப்புல்லு எல்லாம் சாயறத பார்த்து, இவ்ளோ சக்தி சும்மா போகுதேன்னு யோசிச்சாருன்னு சொல்வாங்க. 73 ரைபிள் ஒண்ண எடுத்து குழல் வாய்க்கு முன்னாடி நடுவுல ஓட்டை போட்ட குழிவான தகடு ஒண்ண மாட்டினாரு. குண்டு ஓட்டை வழியா போயிடும், பின்னாடி வர்ற வாயு தகட்ட முன்னாடி தள்ளும், தகடு ஒரு கம்பிய இழுக்கும், கம்பி லீவர இறக்கும். உங்க கொல்லர் பட்டறையில செய்யக்கூடிய வேலை தான் இது, அவரும் அப்பா பட்டறையில வளந்தவரு தான்.

இதுக்கு அப்புறம் நடந்தது தான் எனக்கு ஆச்சரியம். அந்த சோதனை வளந்து கோல்ட் கம்பெனி 1895-ல விட்ட மெஷின் கன்னா ஆச்சு. வாயுவ இப்போ குழல் வாய்க்கு கொஞ்சம் பின்னாடி அடிப்பக்கம் ஒரு ஓட்டை வழியா எடுத்தாங்க, அது ஒரு நீளக் கைய தள்ளும், அந்த கை கீழ் பக்கமா பெரிய அரைவட்டம் அடிச்சு பின்னாடி போயி திரும்பும். அந்த அசைவ பாருங்க, லீவர் அசைவு தான்! கை போயிடுச்சு, லீவர் மட்டும் பேரலுக்கு அடியில தானா ஆடிட்டு இருக்கு. தரைக்கு ரொம்ப பக்கத்துல வெச்சா அது மண்ண நோண்டும். சிப்பாய்ங்க அதுக்கு உருளைக்கிழங்கு தோண்டின்னு பேரு வெச்சாங்க. முக்காலிய உயரமா வெக்கணும், இல்ல அடியில குழி வெட்டணும்.

உங்க ஹீரோயின் துப்பாக்கியிலயும் அந்த தொல்லை இருக்கணும். லீவர் தானா கீழ அடிச்சு மேல வரும், அப்போ விரல் அதுக்குள்ள இருக்க கூடாது, படுத்துட்டு சுட்டா தரையில இடிக்கும். 73-ல லீவர் வளையம் டிரிகருக்கு பின்னாடி, விரல் போற இடத்துலயே இருக்கு. அப்போ அப்பா வளையத்த வெட்டி எடுத்துட்டு குட்டையான ஒரு நாக்கு மட்டும் விட்டு வெப்பாரு, டிரிகருக்கு தனியா ஒரு காப்பு வளையம் வெப்பாரு. டிசைன் தானா வந்துடும் பாருங்க.


சுருள்வில்:

இது சூப்பர் அண்ணா. இதோட ஒண்ணு, போல்ட் ஆக்ஷன் ரைபிள தானா லோடு ஆகிற மாதிரி மாத்தறது இத விட கஷ்டம், ஏன்னா அதுல கைப்பிடிய மொதல்ல மேல திருப்பணும், அப்புறம் பின்னாடி இழுக்கணும். லீவர்ல ஒரே வீச்சு தான். முதல் உலகப் போர் சமயத்துல கனடாவுல ஹுவோட்ங்கிறவரு ராஸ் ரைபிள எடுத்து தானியங்கியா மாத்தினாரு, அது நேரா இழுக்கிற போல்ட், அதனால பக்கவாட்டுல ஒரு பிஸ்டன் வெச்சு இழுத்தா போதும்னு ஆச்சு. நியூசிலாந்துல சார்ல்டன் ரெண்டாம் உலகப் போர்ல பழைய லீ ரைபிள்கள மாத்தினப்போ போல்ட்ட திருப்பறதுக்குன்னே தனியா ஒரு சாய்வு வழி வெட்ட வேண்டி வந்துச்சு. சுமார் 1500 செஞ்சாங்க, போர் முடிஞ்ச அப்புறம் பாமர்ஸ்டன் நார்த் கிடங்குல தீப்பிடிச்சு பெரும்பாலானது போயிடுச்சு. இப்போ மிச்சம் இருக்கிறது ரொம்ப கொஞ்சம், படத்த பார்த்தாலே உள்ள மறைஞ்சிருந்த வேலை எல்லாம் வெளிய தொங்கற மாதிரி இருக்கும், உங்களுக்கு ரெஃபரன்ஸுக்கு ஆகும், தேடி பாருங்க.


பழைய பட்டாளம்:

அடிபட்டது வலது கைன்னா டிரிகர் எந்தக் கையில அமுக்குவா? இடது கைன்னா டெலஸ்கோப் இடது பக்கம் தள்ளி இருக்கிறது அவ கன்னத்துக்கு தப்பான பக்கம். அத யோசிச்சுக்கங்க தம்பி.


கரிக்கோடு:

ஐயா இது யாருமே யோசிக்கல. அப்போ பின்பாதியில டெலஸ்கோப்ப கழட்டிடறாரு அப்பா, அந்த தோல் பட்டை மட்டும் ஸ்டாக்ல அப்படியே இருக்கட்டும். காலிக் கூடு மேல பறக்கிறதும் தகடும் கம்பியும் இன்னிக்கு ராத்திரி ரிக் பண்றேன், முடிஞ்சதும் இங்கயே படம் போடறேன்.


பித்தளைப்பெட்டி:

போடுங்க தம்பி, காத்திருக்கோம். ரிசீவர் மேல ஒரு சின்ன தகட்டு மூடி இருக்கும், தூசிக்காக, அத மறந்துடாதீங்க. மொதல் தடவை லீவர இறக்கும்போது போல்ட் அதையும் பின்னாடி தள்ளிட்டு போகும். மறுபடி கையால முன்னாடி தள்ளி மூடற வரைக்கும் அது திறந்தே தான் இருக்கும்.